பாதி திரையில், பாதி பட்டறையில்

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன். தொழிலகப் பாதுகாப்பு மேலாண்மையில், இணையவழி பாதியும் நேர்வகுப்பு பாதியுமான முதுநிலைப் படிப்பில் சேரலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: அவசியம் சேருங்கள், ஆனால் எந்தப் பாதி எங்கே நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு சேருங்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும், போபால் விபரீதத்திற்குப் பின் 1987-இல் அதில் சேர்ந்த அபாயகரத் தொழில்களுக்கான பிரிவுகளும், இரவுச் சாப்பாடு முடிந்து கைப்பேசியிலேயே கற்கத்தக்கவை. அதற்காகப் பஸ் ஏற வேண்டியதில்லை. ஆயினும், பட்டாசு ஆலையின் மருந்தறைக்குள் நுழையும் தொழிலாளி, வாசலிலுள்ள செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய நிலைமின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பிவிட்டுப் போகிறாரா, அவசரத்தில் அதைத் தாண்டிப் போகிறாரா என்று கண்டுகொள்ளும் கண் எந்தத் திரையிலும் திறப்பதில்லை. விதி காகிதத்திலேயே தங்கிவிட்டால் என்ன நேரும் என்பதை, 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது உயிர்களைப் பறிகொடுத்து நம் பிரதேசம் அறிந்தது. அந்தத் துக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விருதுநகரைத் தாண்டினால் சிவகாசி; அங்கே மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியில் தொழிலகப் பாதுகாப்புப் பொறியியலுக்கே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. வேலையை விட இயலாதென்றால் மட்டும் கலப்பு வழியை நாடுங்கள். ஆலைகளில் பாதுகாப்பு அலுவலரை நியமிக்கச் சொல்லும் விதிகளின்படி உங்கள் பட்டம் செல்லுமா என்பதை, பணம் கட்டுமுன், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் கேட்டுவிடுங்கள்.