பூங்காவும் சுடுகாடும் யார் பொறுப்பு?

இந்த முறை திருவனந்தபுரம் வாசகர்களின் கேள்விகள் மாநகராட்சியின் பூங்கா, மயான வேலைகளைச் சுற்றியே வந்திருக்கின்றன.

கரமனை வாசகர்: ‘நிர்வாகச் சீரமைப்பு’ என்று காதில் விழுந்ததுமே யூனியன்கள் கொடியைத் தூக்கிவிடுகின்றனவே! மாற்றமே வேண்டாமா?

வேண்டும். ஆனால் யாருடைய வேலை மாறப்போகிறதோ அவரிடம் முதலில் பேச வேண்டும். கேரளத்தில் 2022-ல் பஞ்சாயத்து, கிராம வளர்ச்சி, நகர விவகாரம், நகரமைப்பு, பொறியியல் என்று ஐந்து துறைகளைச் சேர்த்து உள்ளாட்சிக்கு ஒரே பொதுப் பணி அமைத்தார்கள். சீனியாரிட்டி என்ன ஆகும், பதவி உயர்வு யாருக்கு என்று பல ஆண்டுகள் பேசிய பிறகே அது நடந்தது. மேஜை முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குக் கிடைத்த அந்தப் பேச்சுவார்த்தை மண்வெட்டி பிடிப்பவருக்கும் வேண்டும் என்கிறது பூங்கா, மயானத் தொழிலாளர் யூனியன். டெண்டர் விளம்பரத்தைப் பார்த்துத்தான் தன் வேலை போகப்போவதை ஒரு தோட்டக்காரர் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வலியசாலை வாசகி: பூங்காவும் சுடுகாடும் மாநகராட்சியின் கடமையா, சலுகையா?

கடமை. 1992-ன் 74-வது அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கென 18 பணிகள் இருக்கின்றன. பன்னிரண்டாவது, பூங்காவும் தோட்டமும் விளையாட்டு மைதானமும். பதினான்காவது, இடுகாடும் சுடுகாடும் மின் மயானமும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். மியூசியம் வளாகத் தோட்டம் மாநில அரசின் அருங்காட்சியக, விலங்குக்காட்சிச் சாலைத் துறையுடையது. அங்கே புல் காய்ந்தால் மேயரைக் கேட்டுப் பயனில்லை.

தைக்காடு வாசகர்: எங்கள் சாந்திகவாடம் மயானத்தில் கரண்ட் அடுப்பு, கேஸ் அடுப்பு எல்லாம் வந்தாயிற்று. பொத்தானை அழுத்த யார் இருந்தால் என்ன?

பொத்தான் அந்த வேலையில் மிகச் சிறிய பங்கு. உலையை முன்கூட்டியே சூடேற்றி வைக்க வேண்டும். உடலோடு பிளாஸ்டிக்கோ உலோகமோ உள்ளே போகக் கூடாது. இறந்தவருக்கு பேஸ்மேக்கர் இருந்ததா என்று வீட்டாரிடம் பக்குவமாகக் கேட்க வேண்டும், இருந்தால் அது உலைக்குள் வெடிக்கக்கூடும். எரிந்து முடிந்ததும் நீண்ட கம்பியால் சாம்பலை இழுத்து, ஆறவிட்டு, எலும்புத் துண்டுகளைப் பொறுக்கி, ஒருவர் அஸ்தி இன்னொருவருடையதோடு கலக்காமல் கலயத்தில் சேர்க்க வேண்டும். உலைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அனல் முகத்தில் அறையும். அதே நேரத்தில் பக்கத்தில் ஒரு மகள், “அண்ணா, இன்னும் ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கிடுதேன்” என்று கையெடுத்துக் கும்பிடுவாள். அடுத்த ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும். அவளுக்கு எத்தனை நிமிஷம் கொடுக்கலாம் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லை, பல வருஷம் அங்கே நின்றவருக்குத்தான் தெரியும்.

2021-ல் கோவிட் இரண்டாம் அலையின்போது சாந்திகவாடத்தில் நேரம் குறித்து வாங்கிக்கொண்டு காத்திருந்த குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. சொந்தக்காரர்களே நெருங்கப் பயந்த உடல்களைப் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டு உலைக்கு அனுப்பியவர்கள் இந்தத் தொழிலாளர்கள். சில மாத கான்டிராக்டில் வந்து போகிறவர் இதையெல்லாம் கற்று முடிப்பதற்குள் அவருடைய காலம் முடிந்துவிடும். நிரந்தர வேலை, சூடு தாங்கும் கையுறை, நல்ல முகக்கவசம், ஒழுங்கான மருத்துவப் பரிசோதனை, ஷிப்டு மாற்ற ஆள் என்று யூனியன் கேட்டால் அதில் ஒன்றுகூட ஆடம்பரம் இல்லை.

நேமம் வாசகர்: தனியாரிடம் விட்டால் செலவு குறையுமே?

எதில் குறையும்? செடியும் உரமும் டீசலும் கரண்டும் யார் வாங்கினாலும் ஏறக்குறைய அதே விலை. குறைக்க முடிந்தது கூலியும் ஆள் எண்ணிக்கையும்தான். அதற்கு மேல் கான்டிராக்டர் தன் லாபத்தை எடுப்பார்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி பராமரிப்புச் செலவு தாங்கவில்லை என்று 1987-ல் ஹான்வெல், மில் ஹில், ஈஸ்ட் ஃபிஞ்ச்லி என்ற தன் மூன்று கல்லறைத் தோட்டங்களை விற்றது. விலை, தோட்டம் ஒன்றுக்கு 5 பென்ஸ். மூன்றுக்கும் 15 பென்ஸ். கல்லறைகளைப் புதர் மூடியது, புதைத்தவர்களின் குடும்பங்கள் கொதித்தெழுந்தன. கடைசியில் அதே நகராட்சி பெருந்தொகை செலவழித்து அந்தத் தோட்டங்களைத் திரும்ப வாங்கியது. அந்த விற்பனைக்கு அடுத்த ஆண்டே, 1988-ல், பூங்காப் பராமரிப்பு உள்ளிட்ட வேலைகளுக்கு நகராட்சிகள் கட்டாயமாக டெண்டர் விட வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. 1999-ல் இன்னொரு சட்டம் போட்டு அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். நாம் அதே பாடத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை.

பேட்டை வாசகர்: மயானத் தொழிலாளி ஸ்டிரைக் செய்யலாமா?

1979 ஜனவரியில் லிவர்பூலில் குழி வெட்டுவோர் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். சவப்பெட்டிகளை ஒரு தொழிற்சாலையில் அடுக்கி வைக்க வேண்டி வந்தது. கோரிக்கையில் நியாயம் இருந்தும் ஊர் மனம் அவர்களை விட்டு விலகியது. அந்த ஆண்டு மே மாதம் மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வர அந்தக் குளிர்காலத்து வேலைநிறுத்தங்கள் பெரிதும் உதவின. என் கருத்து இது: போராட உரிமை உண்டு, ஆனால் காத்திருக்கும் உடலை வைத்துப் போராடக் கூடாது. அந்த ஆயுதத்தைத் தொழிலாளர்கள் விட்டுக்கொடுக்கும்போது, அவர்கள் கோரிக்கையைக் காலக்கெடுவுக்குள் தீர்ப்பது மாநகராட்சியின் கடமையாகிவிடுகிறது.

சாலை வாசகர்: யூனியன் என்றாலே நோக்குக்கூலிதானே நினைவுக்கு வருகிறது?

வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்கும் அந்த வழக்கத்தை 2018 மே 1 முதல் கேரளம் தடை செய்துவிட்டது. அது சுமை ஏற்றி இறக்கும் இடத்தில் நடந்த அநியாயம். வேலையே செய்யாமல் வாங்கிய காசை, வேலை செய்தும் பி.எஃப். கிடைக்காதவரின் தலையில் கட்டுவது சரியல்ல.

கிள்ளிப்பாலம் வாசகி: புதிய தொழிலாளர் சட்டங்கள் தோட்டக்காரருக்கு என்ன சொல்கின்றன?

2025 நவம்பர் 21 அன்று நான்கு சட்டத் தொகுப்புகளை மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவந்தது. அவற்றில் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, ஒரு நிறுவனத்தின் மைய வேலைக்குக் கான்டிராக்ட் ஆள் வைக்கக் கூடாது என்கிறது. அடுத்த மூச்சிலேயே மைய வேலையாகக் கருதப்படாதவற்றின் பட்டியலைத் தருகிறது. துப்புரவு அதில் இருக்கிறது. தோட்டவேலையும் புல்வெளிப் பராமரிப்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன. நிறுவனம் அந்த வேலைக்காகவே அமைந்ததாக இருந்தால் மட்டும் விலக்கு. பூங்காப் பராமரிப்பை அரசியலமைப்பே நகராட்சிப் பணிகளின் பட்டியலில் வைத்திருக்கும்போது அது எப்படி ஓர வேலையாகும் என்பதுதான் யூனியன்கள் வாதாட வேண்டிய இடம். இந்தத் தொகுப்புகளைக் கேரளம் அமல்படுத்தாது என்று அப்போதைய தொழிலாளர் அமைச்சர் வி. சிவன்குட்டி அறிவித்தார். அவர் இதே மாநகராட்சியின் முன்னாள் மேயர்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு தீர்ப்பும் உண்டு. காஸியாபாத் மாநகராட்சியின் தோட்டக்காரர்கள் 1998 முதல் வேலை பார்த்தவர்கள், 2005-ல் வெளியே அனுப்பப்பட்டவர்கள். அவர்களை மீண்டும் வேலையில் சேர்க்கவும், பாதிச் சம்பளப் பாக்கி கொடுக்கவும், நிரந்தரமாக்கும் நடவடிக்கையைத் தொடங்கவும் 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இருபது வருஷம் கழித்து வந்த நீதி.

பாளையம் வாசகர்: யார் சம்பளம் கொடுத்தால் என்ன, வேலை நடந்தால் போதாதா?

2024 ஜூலை 13 அன்று தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய ஒரு கான்டிராக்ட் தொழிலாளி வெள்ளத்தில் காணாமல் போனார். இரண்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. தேடுதல் முடியுமுன்பே, அந்த இடம் யார் பொறுப்பு என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று கைகாட்டின. சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது ஏன் முக்கியம் என்று அன்றைக்குத்தான் புரியும்.

பாறசாலை வாசகர்: சென்னையில் நடந்ததைப் பற்றி?

2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. பேசி முடிக்காத சீரமைப்பு தெருவுக்கு வரும்.

வஞ்சியூர் வாசகி: மயான வேலைக்குப் பெண்களை வைக்கலாமா?

கேரளத்திலும் சென்னையிலும் பெண்கள் ஏற்கெனவே திறமையாகச் செய்கிறார்கள். ஆணுக்குள்ள அதே கூலியில் வைக்கலாம்.

மணக்காடு வாசகர்: இந்த வேலைகளில் நம் தமிழ் ஆட்களுக்கும் பங்கு உண்டல்லவா?

உண்டு. கேரளத்து நகரங்களைப் பெருக்கிச் சுத்தம் செய்யத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். தாத்தா வாளி தூக்கினார் என்பதற்காகப் பேரனுக்கும் அதே வேலை என்பதை யூனியனே எதிர்க்க வேண்டும். அதே வேளையில், அந்தக் குடும்பங்களுக்கு நிரந்தரச் சம்பளமும் பென்ஷனும் கிடைத்தது சங்கமாகச் சேர்ந்ததால்தான். இப்போது சங்கங்கள் செய்ய வேண்டிய அவசர வேலை, தினக்கூலிக்காரரையும் கான்டிராக்ட் ஆளையும் உறுப்பினராகச் சேர்ப்பது. நிரந்தர ஊழியருக்கு மட்டும் பேசும் சங்கம், அவர் ஓய்வு பெற்றதும் சேர்ந்தே ஓய்வு பெற்றுவிடும்.

தைக்காடு வாசகி: இதில் எங்களைப் போன்ற பொதுமக்கள் என்ன செய்ய முடியும்?

பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதுங்கள். உங்கள் வார்டுப் பூங்காவை யார் பராமரிக்கிறார்கள், ஒப்பந்தத்தில் எத்தனை ஆள், என்ன கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டியதற்கு ரசீது எங்கே என்று நான்கு கேள்வி கேளுங்கள். வரும் பதிலை எடுத்துக்கொண்டு அடுத்த வார்டு கூட்டத்துக்குப் போங்கள். போகும்போது அந்தப் பூங்காவில் தண்ணீர் ஊற்றுகிறவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.