ஒன்றரை ஷிப்ட் வீடு

திருப்பூரில் தொழிலாளிகள் சொந்தமாகக் கட்டிய பழைய வீடுகளின் மொட்டைமாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே ஒரு மாடி வரும் என்று தூணிலிருந்து விட்டுவைத்த கம்பிகள். 15 வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டிலும் உண்டு. அந்த வீடு எந்த வருடம் எவ்வளவு உயர்ந்தது என்பதை வைத்து, அந்த வருடம் பனியன் தொழில் எப்படி ஓடியது என்று என்னால் சொல்லிவிட முடியும்.

அப்பா ஓவர்லாக் டெய்லர். திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர். பீஸ் ரேட், சனிக்கிழமை சம்பளம். 1991-இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபின் ஏற்றுமதி ஆர்டர்கள் குவியத் தொடங்கின. ராத்திரி ஒன்பது மணிக்கும் அனுப்பர்பாளையம் வரை மிஷின் சத்தம் கேட்கும். அந்தக் காலத்தில்தான் அப்பா மனை வாங்கினார். அவருக்கு வட்டி விகிதம் தெரியாது. வங்கியில் கணக்கே இல்லை. அவர் பார்த்தது ஒன்றை மட்டும். "மொதலாளி புது மிஷின் இறக்குறாரு. ரெண்டு வருசத்துக்கு வேலைக்குப் பஞ்சமில்ல" என்று அம்மாவிடம் சொன்னார். மறு மாதமே சீட்டை எடுத்தார்கள்.

தீபாவளி போனஸில் அஸ்திவாரம். அடுத்த போனஸில் லிண்டல் மட்டம் வரை சுவர். அதற்கடுத்த வருடம் அம்மாவின் தோடு அடகுக்குப் போய்க் கூரை வந்தது. பூச்சு வேலை ஆகாத சுவருக்குள்தான் பால் காய்ச்சினோம். நம்பிக்கை வந்தபோது கட்டினார்கள், குறைந்தபோது நிறுத்தினார்கள். நிறுத்தினால் கேட்க ஆளில்லை. இதை ஏழைகளின் அரைகுறை வேலை என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது மிகவும் யோசித்த, பாதுகாப்பான முறையாகவே இன்றும் தெரிகிறது.

மாடி எழும்ப வேண்டிய வருடம் 2011. 2008-இல் அமெரிக்காவில் லேமன் வங்கி விழுந்தபோது குறைந்த ஆர்டர்கள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன; கம்பியும் ஜல்லியும் வாசலில் வந்து இறங்கிவிட்டன. ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரே உத்தரவில் நின்றன. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயக்கழிவு எந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தது என்று பார்த்தவர்கள் யாரும் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். கீழ்நொய்யல் விவசாயிகள் அதற்காக நெடுங்காலம் போராடியிருந்தார்கள். ஆனால் துணிக்குச் சாயம் ஏறாமல் தையல் ஏது? அப்பா கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாடி நின்றது. வீடு எங்களுடையதாகவே இருந்தது.

நம்பிக்கை ஏறி இறங்கும் மக்களின் இந்த மனநிலையை அமெரிக்காவில் 1946-இலிருந்து அளந்து வருகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கட்டோனா தொடங்கிய ஆய்வு அது. கையில் காசு இருந்தால் மட்டும் போதாது, செலவழிக்கத் துணியும் மனமும் வேண்டும் என்பது அவர் கருத்து. இது வீடு வாங்கச் சரியான நேரமா என்று அந்த ஆய்வில் இன்றும் கேட்கிறார்கள். நம் ரிசர்வ் வங்கியும் வேலை, வருமானம், விலைவாசி பற்றிக் குடும்பங்களைக் கேட்டுக் குறியீடு வெளியிடுகிறது. 100-க்குக் கீழே போனால் அவநம்பிக்கை மிகுந்திருக்கிறது என்று பொருள். கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில், அது 48.5-க்கு இறங்கியது. சென்னையிலும் மற்றப் பெரு நகரங்களிலும் கேட்கிறார்கள். திருப்பூரில் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் ஆசை. ஓவர்டைமோடு ஒன்றரை ஷிப்ட் ஓடுகிறதா, ஒரு ஷிப்ட்டா என்ற ஒரு கேள்வி போதும்.

என் அக்கா மகளும் அவள் வீட்டுக்காரரும் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். அவள் செக்கிங், அவர் கட்டிங். 2025 தொடக்கத்தில் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு வீடு பார்த்தார்கள். நல்ல நேரம் என்றே எல்லோரும் சொன்னோம். பிப்ரவரி தொடக்கத்தில் 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை ஜூனுக்குள் 5.5 ஆக ரிசர்வ் வங்கி குறைத்திருந்தது. கடன் தர வங்கியும் தயார். பி.எஃப்., சம்பளச் சீட்டு எல்லாம் இருந்தன. இவை எதுவும் அப்பாவிடம் இருந்ததில்லை.

ஆகஸ்ட் 7-ஆம் தேதி இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. 27-ஆம் தேதி அது 50 ஆனது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்குப் போகிறது. அவர்கள் கம்பெனியில் தைத்து முடித்த சரக்கே பெட்டியில் காத்திருந்தது. வேலை போகவில்லை, ஓவர்டைம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம், "அட்வான்ஸ் குடுத்தாச்சா, சாமி?" என்று கேட்டேன்.

"இல்லீங்க மாமா. ஒன்றரை ஷிப்ட் ஓடுனா தவணை கட்டலாம். ஒரு ஷிப்ட்டுன்னா வாடகை மட்டுந்தான்" என்றாள்.

வட்டி குறைந்துதான் இருந்தது. வீடும் விலை போகாமல் அங்கேயேதான் நின்றது. மாறியது அவளுக்கு அடுத்த வருடத்தைப் பற்றி இருந்த நிச்சயம் ஒன்றுதான். அப்பாவின் நிச்சயம் அவர் கண்ணெதிரே, கம்பெனி வாசலில் இறங்கிய மிஷினில் இருந்தது. அவளுடையது எங்கோ ஒரு அமெரிக்கக் கடையில், டி-சர்ட்டை எடுத்து விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும் ஒரு பெண்ணிடம் இருக்கிறது. அக்கா மகளோடு ஒரே வரிசையில் நிற்கும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். இங்கே ஓவர்டைம் நின்றால் அங்கே ஏதோ ஒரு கிராமத்தில் சுவர் பாதியில் நிற்கும்.

அவள் முடிவு சரி. அவளைப் பயந்தவள் என்று சொன்ன உறவினர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். வாரக்கூலிபோல ஏறி இறங்கும் வருமானத்துக்கு, இருபது வருடம் ஒரே அளவில் தவணை கட்டச் சொல்கிறோம். லிண்டல் மட்டத்தில் நிறுத்திவைக்க வங்கிக் கடனில் வழியில்லை. 90 நாள் தவணை தவறினால் அது வாராக்கடன். பயிர்க்கடனை அப்படி நடத்துவதில்லை. அறுவடையைப் பார்த்துத்தான் அதற்குத் தவணை. குறுகிய காலப் பயிராக இருந்தால் இரண்டு பருவம் கடந்த பிறகே வாராக்கடன் ஆகும். பனியனுக்கும் பருவம் உண்டு. கோடை ஆர்டர், கிறிஸ்துமஸ் ஆர்டர், நடுவே வேலை இல்லாத வாரங்கள். அதையெல்லாம் கணக்கில் எடுத்துத் தவணை போடும் ஒரு வீட்டுக்கடனை இந்த ஊருக்கு வங்கிகள் தரட்டும். அக்கா மகள் மறுபடியும் பெருமாநல்லூர் ரோட்டுக்கு வீடு பார்க்கப் போவாள். நானே கூட்டிக்கொண்டு போவேன்.