சிம் இல்லாத வழிகாட்டி

கேள்வி: வேனையே வீடாக்கி ஊர் சுற்றப் போகிறேன். குறைந்த செலவில் ஜிபிஎஸ் அமைக்க வழி சொல்லுங்களேன்?
– ஒரு வாசகர், மீன்சுருட்டி

பதில்: அலமாரியில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை எழுப்புங்கள். சிக்னல் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, சிம்மே வேண்டாம். வரைபடத்தை மட்டும் வீட்டு வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டாண்டு, ஒரு கார் சார்ஜர், அவ்வளவுதான் செலவு.

ராஜேந்திர சோழனின் படை இது எதுவுமில்லாமல் கங்கை வரை போய் வந்தது. ஆனால் யானைக்கு ரயில்வே சுரங்கப்பாதை குறுக்கிடவில்லை! கூகுள் மேப்ஸுக்கு உங்கள் வேனும் ஒரு கார்தான், உயரம் கேட்காது. ஓஸ்ம்அண்ட் செயலியில் உயரம், எடையைப் பதியலாம். அதிலும் எல்லாப் பாலத்தின் உயரமும் இருக்காது. எனவே கூரை கேரியரையும் சேர்த்து அளந்து, ஸ்டியரிங் அருகே எழுதி ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் டீக்கடையில் கேளுங்கள்.