சோஃபி சம்மதித்தால் கெக்கரி

டீட்டிகோன், சுவிஸ்,
ஏப்ரல் கடைசிக் கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

போன ஞாயிறு நான் கெக்கரிக் கன்றுகளைப் படுக்கையறையில் வைத்திருப்பதாகச் சொன்னதும், நீங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, வேலையிடத்தில ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?" என்று கேட்டீர்கள். வேலை ஒழுங்காகத்தான் போகுது மாமா. வெயில்தான் ஒழுங்காக வருகுதில்லை. போனில் விளக்கினால் இடையில் சிரிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் உரும்பிராய்ச் செம்மண்ணில் விதையை ஊன்றிவிட்டுக் கிணற்றுத் தண்ணியைத் திறந்துவிட்டால், நாலைந்து நாளில் முளை எட்டிப் பார்க்கும். இங்கே மண் 12 பாகைக்குக் கீழே குளிர்ந்திருந்தால் விதை முளைக்காது, அழுகிவிடும். முளைத்த கன்றின் மேல் ஒரே ஒரு இரவு உறைபனி விழுந்தாலும் சரி, காலையில் அவித்த கீரைதான். 2017 ஏப்ரல் 20ஐ ஒட்டிய இரவுகளில் அப்படித்தான் பனி விழுந்து, இந்த நாட்டு முந்திரிகைத் தோட்டங்களும் பழமரங்களும் கருகின. கமக்காரர் விடிய விடிய மரங்களுக்கிடையில் மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்துக் காவல் இருந்தார்கள். கெக்கரிக்கு அப்படிக் காவல் இருக்க எனக்குச் சம்பளத்தோடு லீவு தரமாட்டார்கள்.

ஆகவே கன்றை வெளியில் விட நாள் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்வது பஞ்சாங்கம் இல்லை, நாலு புனிதர்கள். மே 12 தொடக்கம் 15 வரை பங்கிராட்ஸ், செர்வாட்ஸ், போனிஃபாட்ஸ், சோஃபி என்று வரிசையாக வருவார்கள். தோட்டக்காரர் இவர்களைப் பனிப் புனிதர்கள் என்பார்கள். கடைசி அம்மணிக்குக் 'குளிர் சோஃபி' என்று பட்டம். அவ புறப்படும் வரைக்கும் கெக்கரி, தக்காளி, பூசணி ஒன்றும் வெளியில் போகக் கூடாது. அதே நாட்களில் உங்களுக்கு அக்கினி நட்சத்திரம் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் நிழல் தேடுவீர்கள், நான் சோஃபி எப்போது போவா என்று யன்னலால் எட்டிப் பார்ப்பேன். குளிர் அந்த நாலு நாளில்தான் வர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. ஆனால் அதை எங்கள் மேல்மாடி அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். எண்பது தாண்டியவ, தேவாலயப் பக்கம் போவதே இல்லை, சோஃபியை மட்டும் நம்புவா.

இனி வேலையைக் கேளுங்கள். ஏப்ரல் நடுவில் விதை போட வேண்டும். கெக்கரிக்கு வேரைக் குழப்பினால் பிடிக்காது, அதனால் ஆளுக்கொரு கோப்பை: யோகட் தின்று முடித்த 180 கிராம் கோப்பைதான், அடியில் துளையோடு. மண்ணுக்குப் பதில் கடையில் செங்கல் அளவில் ஒரு கட்டி வாங்கினேன். வாளித் தண்ணியில் போட்டதும் ஊதிப் பெருத்து வாளி நிறைந்தது. என்னவென்று பார்த்தால் எங்கட தும்புத்தூள்! நீங்கள் அடுப்புக்குள் தள்ளுகிற பொச்சுமட்டைக்கு நான் பிராங்கில் காசு கொடுத்திருக்கிறேன். மாமியிடம் சொல்ல வேண்டாம்.

முளைக்க 25 பாகைச் சூடு இருந்தால் நல்லது. வீட்டில் அந்தச் சூடு உள்ள இடம் ஹீட்டருக்கு மேலே மட்டும்தான். அது ஏற்கெனவே தோசைமாவின் இடம். அதனால் இங்கே இரண்டு கிழமையாகப் பேச்சுவார்த்தை நடக்கிறது. தற்போதைய உடன்பாட்டின்படி வெள்ளி, சனி மாவுக்கு, மற்ற நாட்கள் கெக்கரிக்கு.

முளைத்த பிறகு சூடு குறையலாம், வெளிச்சம் குறையக் கூடாது. அதனால்தான் தெற்கு யன்னல், அதனால்தான் படுக்கையறை. ஆசைப்பட்டுப் பெப்ரவரியிலேயே விதை போட்டவர்களையும் எனக்குத் தெரியும். வெளிச்சம் போதாமல் கன்று நூலாக நீண்டு, மே மாதம் வர முதலே படுத்துவிட்டது. தண்டு தடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நாளும் கன்றின் தலையை மெதுவாகத் தடவிவிட வேண்டும். காற்று அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு குட்டையாக, உறுதியாக வளருமாம். நான் தடவுவதை மகள் வீடியோ எடுத்து அனுப்பியிருப்பாள். நீங்கள் பார்த்திருந்தால் அதற்கு விளக்கம் இதுதான்.

சூட்கேசில் விதை மடித்து அனுப்புகிறேன் என்றீர்கள், தயவுசெய்து வேண்டாம். 2020 தொடக்கம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருகிற விதைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இமயமலை அடிவாரத்தில் பிறந்த காய்க்கும் கடதாசி கேட்கிறார்கள். நான் வந்த புதிதில் எழுதிய கடிதங்கள் ஞாபகமா? இங்கே இருக்கத் தந்த 'என்' அட்டை, பேந்து 'எஃப்', பேந்து 'பி'. ஒவ்வொரு முறையும் "அடுத்த எழுத்து எப்ப?" என்று கேட்பீர்கள். கெக்கரிக்கும் அதே பாதைதான் மாமா. கோப்பையில் நிற்கும்போது 'என்': இருக்கலாம், முடிவு தெரியாது. மே தொடக்கத்தில் பகலில் பல்கனியில் விட்டு, இரவில் உள்ளே எடுத்துப் பழக்குகிற ஒரு கிழமை 'எஃப்': தற்காலிக அனுமதி. சோஃபி போன பிறகு பெரிய சாடியில் நட்டால் 'பி'. கம்பியில் ஏறிக் காய் பிடித்தால் 'சி'. பாஸ்போர்ட் கிடையாது. செப்டெம்பரில் இரவு குளிரத் தொடங்கினால் கொடி முடிந்தது. மஸேனா என்ற பிரெஞ்சுத் தளபதி லிமாட் ஆற்றைக் கடந்து டீட்டிகோனுக்குப் பக்கத்தில் ரஷ்யப் படையை அடித்ததும் 1799 செப்டெம்பர் 25இல்தான். அந்த மாதம் இந்த ஊரில் ஒருவருக்கும் சரிவராது.

இவ்வளவும் மூன்று நாலு கிழமைக்காக. மே கடைசியில் நேரே மண்ணில் ஊன்றினால் ஆகஸ்டுக்கு அண்மையில்தான் காய். இப்படி வளர்த்தால் யூலை தொடக்கத்திலேயே பறிக்கலாம். யூனில் இங்கே பகல் கிட்டத்தட்ட 16 மணித்தியாலம், யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டே முக்காலைத் தாண்டாது. வெளிச்சம் கொட்டுகிற அந்த நேரத்தில் பெரிய கன்று கையில் இல்லாவிட்டால் என்ன பிரயோசனம்?

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ரோமச் சக்கரவர்த்தி திபேரியுஸ் தினமும் கெக்கரி கேட்பாராம். சக்கரம் பூட்டிய பாத்திகளை வெயிலுக்கு வெளியே தள்ளி, குளிருக்கு ஒளி புகும் கல் பதித்த மூடிக்குள் எடுப்பார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். அது கெக்கரியே இல்லை, வெள்ளரிப்பழ இனத்து நீட்டுக்காய் என்று இப்போது சில தாவரவியலாளர் வாதாடுகிறார்கள். எதுவாக இருந்தாலும், தள்ள அவருக்கு அடிமைகள் இருந்தார்கள். எனக்கு இருப்பது ஒரு மகன். வயது பதினாறு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு முதல் எழும்ப மாட்டான்.

யூலையில் கடையிலும் கெக்கரி மலிந்து கிடக்கும். அந்த விலைச்சீட்டை உங்கள் மருமகள் இப்போதே பிரிஜ்ஜில் ஒட்டத் தயாராக இருக்கிறா. அதற்கு முன் மாமியிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: கசப்பு எடுக்க நுனியை வெட்டித் தேய்ப்பது காம்புப் பக்கமா, பூப் பக்கமா? வீட்டில் இதற்கு ஒரு வழக்கு நடக்கிறது. தீர்ப்பு காம்புப் பக்கம் என்று வந்தால் மட்டும் உடனே அறிவிக்கவும்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்