அரைமொழியின் ஆபத்து: வாய் திறவாப் பயணம் பற்றிய ஓர் ஆய்வு

வெளிநாடு செல்பவர்களை விசாவின் வகை, பயணத்தின் நோக்கம், பெட்டியில் ஒளித்து எடுத்துப்போகும் புளிக்காய்ச்சலின் எடை ஆகியவற்றைக் கொண்டு தரம் பிரிப்பது வழக்கம். இந்த ஆய்வு அவர்களை நாக்கைக் கொண்டு தரம் பிரிக்கிறது. போன ஊரின் மொழியைத் தங்குதடையின்றிப் பேசுவோர் முழுமொழியார். அதில் ஒரு சொல்லும் அறியாதோர் வாய்மூடியார். இவ்விருவருக்கும் நடுவே, விமானத்தில் புரட்டிய புத்தகத்தின் புண்ணியத்தில் ஏழெட்டு வாக்கியங்களை உருப்போட்டுக்கொண்டு இறங்குபவர் அரைமொழியார். முழுமொழியாருக்கு இந்த விஷயத்தில் பிரச்சினையே கிடையாது. எனவே அவர்களிடம் ஆராய ஒன்றுமில்லை, இத்துடன் வழியனுப்பிவிடலாம். மீதி இரு வகையாரில் யார் வயிறும் மானமும் சேதப்படாமல் ஊர் திரும்புகிறார் என்பதே கேள்வி. ஒன்றுமே தெரியாததற்குக் கொஞ்சம் தெரிந்திருப்பது மேல் என்று பொதுவாக நம்பப்படுகிறது. அந்த நம்பிக்கையில் சாரமில்லை என்று காட்டுவதே இக்கட்டுரையின் வேலை. ஆய்வுக்களமாக ஜப்பான் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒரே பெயர்ப்பலகையில் மூன்று வகை எழுத்துகள் கலந்து நிற்கும் நாடு அது. வாய்மூடியாருக்கு வசதி செய்துதருவதை ஒரு கலையாகவே வளர்த்த நாடும் அதுதான்.

கொஞ்சம் தெரிந்திருப்பது எப்படிக் கெடுதலாகும்? கேள்வி கேட்கத் தெரிவதும் பதில் புரிவதும் வெவ்வேறு திறமைகள். ‘30 நாட்களில்’ என்று தொடங்கும் தலைப்புள்ள நூல்கள் முதலாவதை மட்டுமே கற்றுத்தருகின்றன. பதில்களைக் கற்றுத்தர அவற்றால் முடியாது, ஏனெனில் பதில்கள் ஊரெங்கும் சிதறிக் கிடப்பவை, எந்தப் பதிப்பகத்துக்கும் கட்டுப்படாதவை. அரைமொழியார் ஒரு ரயில் நிலையத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். உச்சரிப்பு எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்கு ஆபத்து. ஊழியர் அவரை முழுமொழியார் என்றே எடுத்துக்கொண்டு, இந்தத் தளத்தில் உள்ளதைச் சுத்தம் செய்கிறார்கள், இரண்டாவது டிக்கெட் வாயிலைத் தாண்டி மின்படியில் இறங்கி, மருந்துக்கடைக்கு முன்னால் வலப்பக்கம் திரும்புங்கள் என்பதை மூன்றடுக்கு மரியாதை விகுதிகளோடு சொல்லி முடிப்பார். அரைமொழியார் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலில்தான் எல்லாம் கெடுகிறது. ஆட்டிய தலைக்குப் பொறுப்பேற்று, ஊழியரின் கண் முன்னால், ஏதாவது ஒரு திசையில் நம்பிக்கையோடு நடந்தாக வேண்டும். வாய்மூடியார் செய்வது வேறு. அவர் ஊழியரின் எதிரே போய் நின்று, முகத்தில் அவசரத்தைக் காட்டி, சுவரில் உள்ள ஆண் பெண் படத்தைச் சுட்டுகிறார். இவருக்குச் சொல்லிப் பயனில்லை என்று பார்த்தவுடனேயே தெரிவதால் ஊழியர் கையை நீட்டுகிறார். பல நேரம் கூடவே நடந்துவந்து வாசலில் விடுகிறார். இந்த உபசாரம் அரைமொழியாருக்கு வாய்ப்பதில்லை.

மூலைமுடுக்கெல்லாம் உள்ள இருபத்து நான்கு மணிநேரக் கடைகளில் இதே விதியை இன்னும் நெருக்கத்தில் பார்க்கலாம். சோற்றுப்பெட்டியைக் கல்லாவில் வைத்ததும் பணியாளர் மூன்று நான்கு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்பார்: சூடாக்கட்டுமா, பை வேண்டுமா, குச்சி எத்தனை ஜோடி? அரைமொழியாருக்கு ‘ஆம்’ என்பதற்கான சொல் தெரியும். அது எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் என்றும் ஓர் எண்ணம். பெட்டி ஊறுகாயோடு சேர்ந்து சூடாகிறது, 2020 ஜூலை முதல் காசு கொடுத்தே வாங்கவேண்டிய பிளாஸ்டிக் பை ஒன்று கணக்கில் ஏறுகிறது, குச்சி எத்தனை என்ற கேள்விக்கும் ‘ஆம்’ என்ற பதில் போய்ச் சேர்கிறது. வாய்மூடியார் முன்னால் அதே பணியாளர் பையைத் தூக்கிக் காட்டுவார், அடுப்பைச் சுட்டுவார், ஒரு ஜோடிக் குச்சியை நீட்டுவார். மூன்று தலையசைப்புகளில் வியாபாரம் முடிந்துவிடும்.

இதற்கு வரலாற்றுச் சான்று கேட்பவர்களை 1498-ஆம் ஆண்டுக் கோழிக்கோட்டுக்கு அழைத்துப் போகலாம். வாஸ்கோ ட காமாவின் கூட்டம் மலையாளம் அறியாது. ஆனால் அரபு பேசும் துபாஷிகள் உடனிருந்தார்கள். அதாவது அது ஓர் அரைமொழிக் கூட்டம். அரண்மனைக்குப் போகும் வழியில் அவர்களை ஒரு கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்கள். அவர்கள் அதைத் தேவாலயம் என்று கொண்டு மண்டியிட்டு ஜெபித்தார்கள். உள்ளிருந்த சிறு உருவம் மரியன்னை என்று அங்கிருந்தவர்கள் சொன்னதாக அந்தப் பயணத்தின் நாட்குறிப்பு எழுதுகிறது. சுவர்களில் கண்ட ‘புனிதர்களுக்கு’ நான்கைந்து கைகளும் வாய்க்கு வெளியே ஓர் அங்குலம் நீண்ட பற்களும் இருந்தன என்றும் அதே நாட்குறிப்பே எழுதுகிறது. இந்த முரண் ஆய்வாளர்களின் கவனத்துக்குரியது. கண் சரியாகவே பார்த்திருக்கிறது. பல்லை அளந்துகூட வைத்திருக்கிறது. காதில் விழுந்த அரைகுறைப் பேச்சு கண்ணை நம்பவிடாமல் செய்துவிட்டது. உடன் மண்டியிட்ட ஒருவர் மட்டும், இது பேயாக இருந்தாலும் நான் வணங்குவது மெய்யான கடவுளை என்று முணுமுணுத்ததாக வேறொரு பழைய வரலாறு சொல்கிறது. அந்தப் படையில் வாய்மூடியாரின் மனநிலையை எட்டிப்பிடித்தவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் கேரளத்து மன்னர் ஒரு கிறிஸ்தவர் என்ற முடிவோடு கப்பலேறினார்கள்.

அரைமொழி அச்சேறினால் என்ன ஆகும் என்பதற்கு 1855-இல் வெளிவந்த பேத்ரோ கரோலினோவின் நூல் உண்டு. போர்ச்சுகீசியருக்கு ஆங்கிலம் கற்றுத்தர எழுதப்பட்டது. ஆசிரியருக்கு ஆங்கிலம் ஏறக்குறைய தெரியாது. போர்ச்சுகீசிய–பிரெஞ்சு உரையாடல் நூலையும் ஒரு பிரெஞ்சு–ஆங்கில அகராதியையும் வைத்துக்கொண்டு அவர் எழுதி முடித்ததாக நம்பப்படுகிறது. 1883-இல் வந்த அமெரிக்கப் பதிப்புக்கு மார்க் ட்வைன் முன்னுரை எழுதி, அதை நகைச்சுவை இலக்கியத்தில் சேர்த்துவிட்டார். அதை நம்பி லண்டனில் இறங்கிய போர்ச்சுகீசியரைப் பற்றி வரலாறு ஒன்றும் சொல்லவில்லை.

இனி வாய்மூடியாரின் வம்சாவளி. இது மிகத் தொன்மையானது. ஆப்பிரிக்கக் கரையில் கார்த்தேஜ் வணிகர்கள் சரக்கை மணலில் பரப்பிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிப் புகை எழுப்புவார்கள், உள்ளூரார் வந்து பொன்னை வைத்துவிட்டு விலகி நிற்பார்கள், போதாதென்றால் வணிகர்கள் பேசாமல் காத்திருப்பார்கள் என்று ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் இரண்டாண்டு தங்கிய சீனத் துறவி பாஹியான் சொல்வது இன்னும் விசேஷம். ஆதியில் அந்தத் தீவில் பூதங்களும் நாகர்களும் இருந்தார்களாம். வணிகர்கள் வரும்போது பூதங்கள் தங்களைக் காட்டிக்கொள்ளாமல், பொருளையும் அதன்மேல் விலைச்சீட்டையும் வைத்துவிடுமாம். வணிகர்கள் சீட்டில் கண்ட தொகையை வைத்துவிட்டுப் பொருளை எடுத்துப் போவார்களாம். ஆளே இல்லாத கடை, அச்சிட்ட விலை, பேரம் கிடையாது. ஜப்பானிய நூடுல்ஸ் கடையின் வாசலில் நிற்கும் சீட்டு இயந்திரத்தை இதைவிடத் துல்லியமாக ஒருவர் வருணித்துவிட முடியாது. பூதங்கள் பேசாததால் வியாபாரம் கெட்டதாகப் பாஹியான் எங்கும் குறை சொல்லவில்லை. பேரம் உள்ள இடங்களிலும் பேச்சு தேவைப்படுவதில்லை: நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலையை முடிக்கிறார்கள், அதுவும் ஒரே மொழி பேசுகிற இருவருக்கிடையில். பாங்காக் சந்தைக் கடைக்காரர் கால்குலேட்டரில் ஒரு தொகையைத் தட்டி நீட்ட, வாங்குபவர் அதை அழித்துவிட்டுப் பாதியைத் தட்டித் திருப்பித் தருவது இதன் மின்வடிவம்.

ஜப்பான் இந்தப் பூத மரபைத் தொழிலாக்கியது. மத்திய மலைநாட்டுக் குஜோ ஹாச்சிமான் ஊரில் பிறந்த இவாசாகி தகிஸோ 1932-இல் ஒசாகாவில் மெழுகில் உணவு மாதிரிகள் செய்து விற்கத் தொடங்கினார். இன்று பிளாஸ்டிக்கில் செய்யப்படும் அந்த மாதிரிகளைத்தான் உணவகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் பார்க்கிறோம்: குச்சியோடு அந்தரத்தில் நிற்கும் நூடுல்ஸ், ஒருபோதும் நுரை அடங்காத பீர். டோக்கியோவின் கப்பாபாஷித் தெருவில் இவற்றை விற்கவே கடைகள் உள்ளன. பணியாளரை வாசலுக்கு அழைத்துவந்து விரலால் சுட்டினால் போதும். சுட்டியதுதான் மேசைக்கு வரும். இதே விரலை நம்பித்தான் 1964 ஒலிம்பிக்கும் நடந்தது. ஜப்பானிய எழுத்தறியாத விருந்தினர் திரளாக வரப்போகிறார்கள் என்றதும், கட்சுமி மசாருவின் தலைமையில் வடிவமைப்பாளர்கள் கூடி விளையாட்டுகளுக்கும் கழிப்பறை முதலிய வசதிகளுக்கும் படக்குறிகள் வரைந்தார்கள். வந்தவர்களுக்கு மொழி கற்பிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 2004-இல் டோக்கியோ சுரங்க ரயில் நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் வந்தன. கின்ஸா தடத்தில் ஷிபுயா ஜி01, அசகுசா ஜி19. பதினெட்டு நிலையங்கள் தள்ளி இறங்க வேண்டும் என்பதை அறியக் கழித்தல் கணக்கு தெரிந்தால் போதும்.

சைகைகளும் நாட்டுக்கு நாடு மாறுமே என்று மறுப்பாளர் கேட்கலாம். மாறும்தான். பல்கேரியாவில் தலையை மேலே வெட்டினால் ‘இல்லை’. ஆனால் தமிழருக்கு ஜப்பானில் ஒரு பிறவிச் சலுகை இருக்கிறது. அங்கே ஒருவரை அழைக்க உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து விரல்களை அசைக்கிறார்கள். மேல்நாட்டார் அதைப் ‘போ’ என்று புரிந்துகொண்டு விலகுவதாகச் சொல்வார்கள். நம் அம்மாக்கள் தெருவில் விளையாடும் பிள்ளையை அழைப்பது அப்படியேதான். முன்கைகளைக் குறுக்கே பெருக்கல் குறிபோல் வைத்தால் ‘கூடாது’, தன் மூக்கைத் தொட்டால் ‘நானா?’. இவை ஒரே பிற்பகலில் படிந்துவிடும். நம் பக்கவாட்டுத் தலையாட்டலை மட்டும் ஊரிலேயே விட்டுச் செல்வது உத்தமம். அதன் பொருள் நமக்கே சந்தர்ப்பத்தைப் பொறுத்தது.

கனமான மறுப்பு சைவரிடமிருந்து வருகிறது. விரலால் ‘இது’ என்று சொல்ல முடியும். ‘இது இல்லாமல்’ என்று சொல்ல முடியாது. கண்ணாடிப் பெட்டியில் உள்ள மிசோ சூப்பில் தோஃபுவும் கடற்பாசியும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த நீர் பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் இறக்கிய ‘தாஷி’. கண் இங்கே தோற்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அரைமொழியார் இங்கே ஜெயிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அவர் ‘மீன் வேண்டாம்’ என்று அழகாகச் சொல்கிறார். சமையற்காரர் மீன் துண்டு எதையும் போடாமல் மனசாட்சியோடு அதே தாஷியை ஊற்றித் தருகிறார். அவர் கணக்கில் அது மீன் அல்ல, தண்ணீரின் ருசி. இருவர் குடிப்பதும் ஒரே சூப்புதான். ஒருவர் சந்தேகத்தோடு குடிக்கிறார், மற்றவர் நிம்மதியாக ஏமாறுகிறார். விஷயம் தெரிந்தவர்கள் தாஷி உட்படத் தமக்கு ஆகாதவற்றையெல்லாம் ஜப்பானிய மொழியில் முழுமொழியார் ஒருவரைக் கொண்டு எழுதி வாங்கிய அட்டையை நீட்டுகிறார்கள். நீட்டுபவருக்கே அதைப் படிக்கத் தெரியாது. எழுதியவர் முழுமொழியார், நீட்டுபவர் வாய்மூடியார். இடையில் அரைமொழிக்கு இடமே கொடாததால்தான் அந்த அட்டை வேலை செய்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இதுவே வழி. ஆஸ்பத்திரி, போலீஸ் இரண்டுக்கும் மொழி தெரிந்த ஆள் ஒருவர் நேரில் தேவை. அங்கே இந்த ஆய்வு கைகட்டி நிற்கிறது.

கைபேசி மொழிபெயர்ப்பியைக் காட்டுவோர், அது வாய்மூடியாரை ஒரே தட்டில் அரைமொழியாராக்கிவிடும் கருவி என்பதை மறக்கிறார்கள். பெயர்ப்பலகை படிக்க அது உதவும். பேச்சு என்று வந்தால் நம் வாக்கியத்தை அது என்னவாக்கிச் சொன்னது என்று சரிபார்க்க நம்மால் முடியாது, எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த முகத்தை நேராகவே பார்த்திருக்கலாம். இரண்டு வார்த்தையாவது கற்றுக்கொள்வதுதானே மரியாதை என்பது நியாயமான கேள்வி. வணக்கம், நன்றி, மன்னிக்கவும் ஆகிய மூன்றையும் இந்த ஆய்வு தாராளமாக அனுமதிக்கிறது. பதிலுக்கு ஒரு குனிவு வரும், திருப்பிக் குனிந்தால் கணக்குத் தீர்ந்தது. கேள்விக்குறியில் முடியும் வாக்கியங்களுக்கு மட்டுமே தடை.

துபாஷியும் வழிகாட்டியும் அழைப்பிலிருக்கும் நண்பரும் உடன்வர முடியாத ஓர் அறை உண்டு. 1980-இல் டோட்டோ நிறுவனம் ‘வாஷ்லெட்’டைக் கொண்டுவந்த பிறகு ஜப்பானியக் கழிப்பறைச் சுவர்களில் பொத்தான்கள் பெருகின, கம்பெனிக்குக் கம்பெனி குறிகள் வேறு. புத்தகத்தில் நாலு எழுத்துக் கற்றவர் அவற்றில் ஒன்றை அடையாளம் கண்ட மகிழ்ச்சியில் அழுத்திவிடுவார். வாய்மூடியார் படம் விளங்கும்வரை எதையும் தொடமாட்டார். 2017 ஜனவரியில் அந்நாட்டுச் சுகாதாரச் சாதன உற்பத்தியாளர்கள் கூடி எட்டுப் படக்குறிகளைப் பொதுவாக்க ஒப்புக்கொண்டார்கள்: மூடியைத் தூக்க, இருக்கையைத் தூக்க, பெரிதாகவும் சிறிதாகவும் தண்ணீர்விட, பின்னால் கழுவ, முன்னால் கழுவ, உலர்த்த, நிறுத்த. முதல் ஏழிலும் ஏதாவது ஓர் அசைவோ நீரோ காற்றோ வரைந்திருக்கும். நிறுத்துவதற்கான குறி வெறும் சதுரம், அதைப் பார்த்து ஊகிக்க ஒன்றுமில்லை. அந்த ஒன்றை மட்டும் உருப்போட்டுக்கொண்டு விமானமேறலாம்.