கூட ஒரு அஞ்சாயிரம் போட்டா

கார்டு அண்ணன் இன்னும் கார்டு வாங்கவில்லை.

காட்பாடி காந்தி நகர் டீக்கடையில் அவரைப் பார்த்ததும் பையன்கள் கேட்பது, “இன்னாண்ணா, ஆச்சா?” என்றுதான். கல்யாணத்தைப் பற்றி இல்லை. அதை வீட்டிலேயே கேட்பதை நிறுத்தியாயிற்று. கம்ப்யூட்டருக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று போட வேண்டும் என்று அண்ணன் பார்க்க ஆரம்பித்தது 2021-இல். அந்த வருஷம் வி.ஐ.டி.யில் முதலாண்டு சேர்ந்த பிள்ளைகள் நாலு வருஷம் படித்து, பட்டம் வாங்கி, பெட்டி படுக்கையோடு காட்பாடி ஜங்ஷனில் ரயிலேறி வேலைக்கும் போய்விட்டார்கள். அண்ணன் ரிவ்யூ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவரைக் கெடுத்தது ஒரே ஒரு வாக்கியம். “கூட ஒரு அஞ்சாயிரம் போட்டா…”

பட்ஜெட் இருபதாயிரம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் உட்காருவார். அந்த விலையை ஒட்டி ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 இருக்கும். 8 ஜிபி, 132 வாட், வீட்டில் இருக்கிற எஸ்எம்பிஎஸ் கரண்டுப் பெட்டியே தாங்கும். அதோடு எழுந்து போய் வாங்கியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் கூட ஒரு அஞ்சாயிரம் போட்டா என்விடியா 3060 வரும், 12 ஜிபி. சரி, 3060. ஆனால் அது 2021 பிப்ரவரியில் வந்த பழைய சரக்கு. கூட ஒரு அஞ்சாயிரம் போட்டா 4060 வரும், கரண்டும் 115 வாட்தான். சரி, 4060. ஆனால் அதில் மறுபடி 8 ஜிபி. நாளைக்கு வரும் கேமுக்குப் பத்தாது. கூடப் போட்டு 4060 டிஐ எடுத்தால்? அதிலும் 8 ஜிபிதான். அப்போ 16 ஜிபி டிஐ. அவ்வளவு கொட்டிக் கொடுத்து டிஐயா? கூடக் கொஞ்சம் போட்டா 4070-ஏ வந்துவிடுமே!

4070-க்கு 650 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும். இருப்பது 450. மூன்று விசிறி மாடல் எடுத்தால் கேபினெட்டில் நுழையாது, ஹார்ட் டிஸ்க் கூண்டில் இடிக்கும். ஆகவே கேபினெட். இவ்வளவு பெரிய கார்டுக்குப் பழைய ஐ5 புராசசரா, யானைக்கு ஆட்டுத் தொட்டியில் தண்ணீர் வைத்த மாதிரி? ஆகவே புராசசர். புது புராசசருக்குப் புது மதர்போர்டு, புது மதர்போர்டுக்கு டிடிஆர்5 ராம். ராத்திரி ஒன்றரை மணிக்குக் கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்து இருபதாயிரம். “இந்தக் காசுக்கு லேப்டாப்பே வாங்கலாமே” என்று ஒரு கிளை பிரியும். “அதுக்கு பிளேஸ்டேஷனே வாங்கிட்டுப் பேசாம இருக்கலாமே” என்று இன்னொரு கிளை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். மூன்று நாள் கழித்து மறுபடி இருபதாயிரம், மறுபடி ஆர்எக்ஸ் 6600.

எரிச்சல் என்னவென்றால், எந்தப் படியிலும் அண்ணன் சொல்வது தப்பில்லை. இந்தப் படிக்கட்டை அவர் கட்டவும் இல்லை. 2023-இல் என்விடியா வைத்த விலைகளைப் பாருங்கள். 4060-க்கு 299 டாலர். 4060 டிஐக்கு 399. அதிலேயே 16 ஜிபி என்றால் 499. 4070-க்கு 599. நூறு நூறு டாலராக, கிழவியும் ஏறலாம் போல அளவெடுத்துக் கட்டிய படி. ஒவ்வொரு படியிலும் ஒரு குறையைக் கவனமாக விட்டுவைத்திருப்பார்கள், கண் தானாக மேல் படிக்குப் போகும். விற்கிறவன் ஏறுவதற்குத்தான் கட்டினான். இவர் அதில் ஏறி இறங்கி உடற்பயிற்சி செய்கிறார்.

அவருடைய அப்பாவின் தொழில் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் வேடிக்கை. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷமாகத் தோலைத் தரம் பிரிக்கிறார். மேஜையில் ஒரு தோல் விழும். உள்ளங்கையை ஒரு தடவை மேலிருந்து கீழே ஓட்டுவார். கழுத்துப் பக்கம் ஒரு மடிப்பு, வயிற்றுப் பக்கம் ஒரு இழுப்பு. உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எல்லாம் கைக்கே தெரியும். இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று எறிந்துவிட்டு அடுத்ததை இழுப்பார். ஒரு தோலுக்குப் பத்து விநாடி ஆனால் அதிகம். தப்பினால் கம்பெனிக்கு நஷ்டம். ஆனாலும் யோசிக்க நேரம் கிடையாது, பின்னால் அடுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

அந்த வீட்டில் பிறந்த பிள்ளை ஒரே ஒரு அட்டையைத் தரம் பிரிக்க இத்தனை வருஷம் எடுத்துக்கொள்கிறது.

2025 ஜனவரி 7, காலை எட்டு மணி. அமெரிக்காவில் அப்போது முந்தின நாள் சாயங்காலம். லாஸ் வேகஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் 50 வரிசைக் கார்டுகளை அறிவிக்கிறார். அண்ணன் ஆபீசுக்கு அரை நாள் லீவு. அப்பா இட்லித் தட்டோடு பின்னால் வந்து நின்றார். மேடையில் மனிதர் முதலைத் தோல் போலப் பளபளக்கும் கறுப்பு ஜாக்கெட்டில் வந்தார்.

“பிளேட் வச்சு அழுத்தனதுடா இது. முதலை இல்ல.”

“நைனா, கொஞ்சம் கம்முனு இருங்க.”

“பாரு, கட்டமெல்லாம் ஒரே அளவா இருக்குது. நெஜத் தோல்ல அப்பிடி வராது.” அப்பா இட்லியை முடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அதே மேடையில், 549 டாலர் 5070 கார்டு, 1599 டாலருக்கு வந்த பழைய 4090-இன் வேகம் தரும் என்று ஹுவாங் சொன்னதை அண்ணன் அப்படியே நம்பினார். அந்த வாரம் 4060 வாங்குவதாக இருந்தவர் நிறுத்திவிட்டார். மார்ச்சில் 5070 கடைக்கு வந்து சோதித்தபோது விஷயம் தெரிந்தது. கார்டு நிஜமாக வரையும் ஒவ்வொரு படத்துக்கும் நடுவே மென்பொருள் ஊகித்துப் போடும் மூன்று படங்களைச் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அதை எடுத்துவிட்டால் 4090-இன் கிட்டேயே வரவில்லை. அதுவும் பிளேட் வைத்து அழுத்தியதுதான். அப்பாவைக் கேட்டிருந்தால் இட்லி ஆறுவதற்குள் சொல்லியிருப்பார்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2021-இல் அவர் காத்திருந்தது முழுக்கச் சரி. கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போன காலம் அது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு 3060-க்கு ஏறக்குறைய இரட்டை விலை சொன்னார்கள். எஸ்எம்பிஎஸ்ஸும் மானிட்டரும் சேர்த்து எடுத்தால்தான் கார்டு என்று சொன்ன கடையும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற நாணயம் தோண்டும் முறையையே விட்டது, விலை சரிந்தது. ஊரே அவசரப்பட்டபோது அண்ணன் மட்டும் பொறுத்திருந்து ஜெயித்தார். அந்த ஒரு ஜெயம்தான் அவருக்குப் பிடித்த சனி. பொறுத்தால் விலை இறங்கும் என்று அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டவர் அதை அழிக்கவே இல்லை. இறங்கியபோது வாங்கினாரா? “மைனிங்ல அடிபட்ட கார்டெல்லாம் மார்க்கெட்ல வந்திருக்கு, இப்ப ரிஸ்க்.”

இவ்வளவும் எந்த விளையாட்டுக்காக என்று கேட்கக் கூடாது. கேட்டால், கிரிக்கெட் 07. 2006-இல் வந்தது. அதற்கு அவரிடம் இருக்கிற ஜிடிஎக்ஸ் 1050 டிஐயே தேர் இழுக்க லாரி கட்டின மாதிரி. நண்பர்கள் கூப்பிட்டால் வேலரன்ட் ஆடுவார். விநாடிக்கு 144 படம் ஓட வேண்டுமானால் என்ன கார்டு தேவை என்று வேலரன்ட் கம்பெனியே ஒரு பட்டியல் போட்டது. அதில் எழுதியிருந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. இதைக் காட்டினால் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிடும். “ஜிடிஏ 6-க்குப் பத்தாதில்ல?” ஜிடிஏ 6 முதலில் அறிவிக்கப்பட்டது பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் மட்டும்தான். கம்ப்யூட்டருக்குத் தேதியே சொல்லவில்லை. பெண் பார்க்கவே போகாத வீட்டுக்குச் சீர் வரிசை அடுக்குகிறார்.

இதுவரை சிரித்தாயிற்று. அவர் காசு, அவர் ராத்திரி, யாருக்கு என்ன? ஆனால் கார்டு அண்ணன்கள் தாங்கள் வாங்காமல் இருப்பதோடு நிற்பதில்லை.

இதை எழுதுகிறவருக்கு ஆம்பூரில் ஒரு அக்கா மகன். அனிமேஷன் கோர்ஸ் சேர்ந்தான். பிளெண்டர் மென்பொருளில் ஒரு படத்தை வரைந்து முடிக்க அவன் கம்ப்யூட்டர் ஆறு நிமிடம் எடுக்கும். விநாடிக்கு 24 படம். பத்து விநாடிக் காட்சிக்கு 240 படம். ஒரு முழு நாள். நடுவில் கரண்டு போனால் விட்ட இடத்திலிருந்து. பையன் இருபத்தெட்டாயிரம் சேர்த்து வைத்திருந்தான், 4060 வாங்க முடிவும் பண்ணியிருந்தான். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும் என்று கார்டு அண்ணன் நம்பரைக் கொடுத்தது இந்த மாமாவின் தப்பு. அண்ணன் 2025 ஜனவரியில் சொன்னார்: “வாங்கிடாத, 5060 வருது.” மே மாதம் 5060 வந்தது. அதே 299 டாலர், அதே 8 ஜிபி. “இதுக்கா காத்திருந்தோம்? கூட ஒரு அஞ்சு பத்து போட்டு 16 ஜிபி டிஐ எடு.” பையன் அதற்கும் காசு சேர்த்தான். “அவசரப்படாத, விலை இறங்கும்.” அந்த வருஷக் கடைசியில் ஏஐ தரவு மையங்களுக்காக உலகம் முழுக்க நினைவகச் சில்லுகளை அள்ளினார்கள். கார்டோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று அவன் விட்டுவைத்திருந்த ராம், சில மாதத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியது.

பையனின் கோர்ஸ் முடிந்துவிட்டது. கடைசி புராஜெக்டை முப்பது விநாடியிலிருந்து பன்னிரண்டு விநாடியாக வெட்டிக் கொடுத்தான். கார்டு அடுத்த வருஷமும் கிடைக்கும், செமஸ்டர் கிடைக்காது. சொன்னால் அண்ணன் புரிந்துகொள்வதில்லை. “நான் சொன்னதுல எது தப்பு?” என்கிறார். தப்பு ஒன்றும் இல்லைதான். அப்படி ஒரு கோபம் வருகிறது.

ஆனாலும் அந்த 1050 டிஐயை அவர் வைத்திருக்கும் அழகைப் பார்த்தால் கோபம் நிற்காது. மாதம் ஒரு தடவை கேபினெட்டைத் திறந்து, பெயிண்ட் பிரஷால் தூசி தட்டுவார். ஒரு சமயம் விசிறி கரகரவென்று சத்தம் போட்டது. வேறு யாராக இருந்தாலும் கார்டை மாற்ற இதுதான் சாக்கு என்று கிளம்பியிருப்பார்கள். அண்ணன் விசிறியின் நடுவிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் பாதி உரித்து, உள்ளே ஒரே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, ஸ்டிக்கரை மறுபடி தேய்த்து ஒட்டினார். எண்ணெய் அம்மாவுடையது, மேல்விஷாரம் பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார், வீட்டிலும் ஒரு மிஷின் உண்டு. சத்தம் நின்றது. 2016-இல் வந்த மாடல், பஞ்சு மாதிரி ஓடுகிறது.

2025 தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பா போனஸ் பணத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் எடுத்து மேஜையில் வைத்தார். “போயி இன்னாவோ அத வாங்கிக்கினு வாடா. வெறுங்கையோட வராத.” அண்ணன் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னைக்குப் போனார். ரிச்சி தெருவில் கடைக்காரர் பார்த்ததுமே, “பாஸ், போன தீபாவளிக்கும் வந்தீங்கல்ல?” என்றாராம். பில்லோடு என்ன விலை, பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி போக என்ன விலை, பில் இல்லாவிட்டால் வாரண்டி யார் தருவார் என்று மத்தியானம் வரை பேச்சு.

சாயங்காலம் பெரிய அட்டைப் பெட்டியோடு காட்பாடியில் இறங்கினார். டீக்கடையே எழுந்து நின்றது. பெட்டிக்குள் இருந்தது மானிட்டர். 27 அங்குலம், 1440பி. “கார்டு எப்ப வேணா வாங்கலாம். ஆபர் இன்னிக்கு மட்டும்தான்.” பழைய திரையில் புள்ளிகள் இருபது லட்சம் சொச்சம், இதில் முப்பத்தாறு லட்சத்துக்கு மேல். 4060 இனி இதற்குக் காணாது என்று அவரே விளக்கினார்.

அப்பா பெட்டியின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார். அன்று ராத்திரி புது மானிட்டரில் கிரிக்கெட் 07 ஓடியது. நடுவில் சதுரமாக ஆட்டம், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. இரண்டாவது ஓவரில் விசிறி மறுபடி கரகரத்தது. அண்ணன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அம்மாவிடம் எண்ணெய்ச் சீசாவைக் கேட்டார்.