பூரகம், கும்பகம், சுக்குக்காப்பி

வள்ளியூரில் காற்றுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் புகுந்து வரும் மேல்காற்று, முப்பந்தல் தொடங்கி வரிசையாக நிற்கும் காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, மிச்சமிருக்கும் வேகத்தில் மொட்டைமாடிக் கொடியில் காயும் வேட்டியையும் எடுத்துக்கொண்டு போகும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் விடியற்காலை நாலேகாலுக்கு அலாரம் வைத்து எழுந்து, மூச்சு விடக் கற்றுக்கொள்ளப் போகிறார் என்றால், அது ஆய்வுக்குரிய பொருள்தான். இதுவரை இத்துறையில் எழுதியவர்கள் எல்லாரும் மூச்சையே எழுதினார்கள். மூச்சுக்கு முன்னும் பின்னும் நடப்பதை எழுத ஆளில்லை. அக்குறை இங்கே நீங்குகிறது.

முதலில் சொற்பொருள். ‘மூச்சுப்பயிற்சி’ என்றது, ஒருவர் முன்னே அமர்ந்து “இழுங்க… நிறுத்துங்க… மெதுவா விடுங்க” என்று சொல்ல, மற்றவர் அவ்வண்ணமே செய்வதை. மாடிப்படி ஏறி வாங்கும் மூச்சும், கரண்ட் பில்லைப் பார்த்து விடும் பெருமூச்சும் விலக்கப்பட்டன. என்னை? அவற்றுக்கு ஆசிரியர் வேண்டாமையின் என்க.

இத்துறையின் மூலநூல் திருமந்திரம். அதன் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் கணக்கைத் துல்லியமாகவே கொடுத்திருக்கிறார். இடப்பக்க நாசியில் இழுப்பது, அதாவது பூரகம், 16 மாத்திரை. உள்ளே நிறுத்தும் கும்பகம் 64. வெளியே விடும் இரேசகம் 32. சுருக்கினால் 1:4:2. மாத்திரை என்றது கண்ணிமைக்கும் நேரம், அல்லது கைநொடிக்கும் நேரம். பள்ளி இலக்கணத்தில் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று படித்ததேதான். ஆனால் இன்றைய வகுப்புக்கு வருவோரில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் “எத்தனை மாத்திரை?” என்று கேட்டால், “காலைல ரெண்டு, ராத்திரி ஒண்ணு” என்று பதில் வரும் அபாயம் உண்டு. எனவே ஆசிரியர்கள் இப்போது ‘எண்ணிக்கை’ என்றே சொல்கிறார்கள்.

பிற்கால வரலாற்றை விரைவாகக் கடந்துவிடலாம். கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். அவருடைய எளியமுறை உடற்பயிற்சியில் கைக்கும் காலுக்கும் அடுத்து மூச்சுக்கு இடமுண்டு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மூச்சைப் பாய்விரித்து உட்காரவைத்ததில் அவர் வழிவந்த மனவளக்கலை மன்றங்களின் பங்கு பெரிது. 1982-ல் ஷிமோகாவில் ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கருக்கு சுதர்சனக் கிரியை என்ற மூச்சுமுறை கிடைத்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பிராகாவில் பிறந்த மனநல மருத்துவர் ஸ்டானிஸ்லாவ் கிராஃப், எல்.எஸ்.டி. ஆராய்ச்சிக்குக் கதவடைக்கப்பட்ட பின், கலிஃபோர்னியாவில் வேகமூச்சை வைத்தே அந்த மருந்து தரும் அனுபவத்தை வரவழைக்கப் பார்த்தார். அங்கே இரண்டு மூன்று மணி நேரம் உரத்த இசையோடு மூச்சு விடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள். முடிந்ததும் தாளில் வண்ணக்கோலால் மண்டலம் என்ற வட்டச் சித்திரம் வரைகிறார்கள். வள்ளியூர்ப் பெண்கள் அதே வட்டத்தை வாசலில் புள்ளி வைத்துப் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்கே கிளம்புகிறார்கள். கலிஃபோர்னியாவில் மீட்சியாக இருப்பது இங்கே முன்னேற்பாடாக இருக்கிறது என்பதைப் பிற ஆய்வாளர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனி முன்னேற்பாடு. அது முந்தின நாள் இரவு ஏழரைக்குத் தொடங்குகிறது. வெறும் வயிற்றில் வர வேண்டும், சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஐந்து மணி வகுப்புக்கு இரவு இரண்டு மணிவரை சாப்பிடலாம் என்று அதற்குப் பொருள்கொண்டவர்களும் உண்டு. அவ்வுரை பொருந்தாது. திருநெல்வேலிச் சீமையில் ராத்திரி என்றால் புரோட்டா. புரோட்டா என்றால் பிய்த்துப்போட்டு, அது மூழ்கும்வரை ஊற்றிய சால்னா. அந்த மைதா மூன்று மணி நேரத்துக்கெல்லாம் கரையக்கூடிய சாதி அல்ல. குனிந்து வயிற்றை உள்ளிழுக்கும்போதுதான், அது இன்னும் அங்கேயே குடியிருப்பது தெரியவரும். அப்போது எழும் ஏப்பத்தைப் பூரகத்தில் சேர்ப்பதா, இரேசகத்தில் சேர்ப்பதா என்பது தீராத சிக்கல். ஆதலால் இட்லி இரண்டு, எட்டு மணிக்குள். இதில் மாற்றுக்கருத்து இல்லை. கடைப்பிடிப்பவரும் அதிகம் இல்லை.

பாய் விஷயத்தில் இரண்டு கட்சி. ரப்பர் மேட்டுக் கட்சியார் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வருகிறார்கள். கோரைக் கட்சியார் பத்தமடைப் பாயோடு வருகிறார்கள். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை ஆற்றில் ஊறவைத்து, நார்நாராகக் கிழித்து, பருத்தி நூலில் நெய்யும் இந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆடிமாதத்தில் மொட்டைமாடி வகுப்பு என்றால் எந்தப் பாயும் நிற்காது. நான்கு மூலைக்கும் இரண்டு செருப்பு, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு செல்போன் என்று கனம் வைக்க வேண்டும். ஆனால் ஆய்வு நோக்கில் கோரைப்பாயே சிறந்தது. கடைசியில் சவாசனம் என்று படுக்கச் சொல்வார்கள். எழுந்து, “ஆழ்ந்த அமைதி கெடச்சுது” என்று சொல்பவரின் கன்னத்தைப் பார்த்தால் போதும். நெற்றிப்பொட்டிலிருந்து தாடை வரை கோரை வரி வரியாகப் பதிந்திருக்கும். மல்லாந்து படுக்க வேண்டிய சவாசனத்தில் கன்னத்துக்கு வரி எப்படி வந்தது? ரப்பர் மேட்டில் இந்தச் சான்று கிடைக்காது.

கிளம்பும் நேரத்துக்கும் சாத்திரம் உண்டு. மூச்சு எந்த நாசியில் ஓடுகிறதோ அந்தக் காலை முதலில் எடுத்து வைத்துப் படியிறங்குவது சரம், அதாவது மூச்சோட்டம், பார்ப்பவர்களின் வழக்கம். இரண்டு நாசியும் மாறி மாறி அடைத்துத் திறப்பதை 1895-ல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதி வைத்தார். நம் சரநூல்காரர்கள் அதைக் கொண்டு பயணத்துக்கே நேரம் குறித்தார்கள். பணகுடிக்கு மேற்கே மகேந்திரகிரியில், மைனஸ் 183 டிகிரிக்குக் குளிர்வித்த திரவ ஆக்சிஜனை வைத்து இஸ்ரோ கிரையோஜெனிக் இன்ஜின்களைச் சோதிக்கிறது. அங்கே ஒரு வால்வு சரியில்லை என்றால் இறங்குமுக எண்ணிக்கை நின்றுவிடும். இங்கே வாசலில் ஒற்றைத் தும்மல் விழுந்தால் நிற்கிறது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும்.

வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு மணி நேரத்தில் மூச்சுக்கென்று போவது பதினைந்து நிமிடம். அதில் வேகமாக விடும் பகுதியில்தான் விபரீதங்கள் நடக்கின்றன. விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது, உதட்டைச் சுற்றி மரத்துப்போகிறது, தலை லேசாகிறது. குண்டலினி கிளம்பிவிட்டது என்று பின்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து உட்காருவார்.

அது கிளம்பியதோ இல்லையோ, கரியமில வாயு கிளம்பிவிட்டது. வேகமூச்சில் ஆக்சிஜன் நிறைய ஏறும் என்று நினைக்கிறோம். நல்ல ஆரோக்கியமுள்ளவரின் இரத்தத்தில் அது முன்பே நூற்றுக்கு 97, 98 பங்கு நிரம்பித்தான் இருக்கிறது; மேலே ஏற இடமில்லை. வெளியேறுவது கரியமில வாயு. அது குறைந்தால் இரத்தத்தின் காரத்தன்மை கூடும், கட்டற்ற கால்சியம் குறையும், விரல்கள் கூசும், சிலருக்கு மடங்கிக்கூடப் போகும். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் தலைசுற்றல். இயல்பாகச் சில நிமிடம் மூச்சுவிட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

ஆனால் அந்தச் சில நிமிடத்தைப் பாயில் கழிப்பவர் குறைவு. மீட்சி நடைபெறும் இடம் டீக்கடை.

“என்ன அண்ணாச்சி, மூஞ்சி வெளிறிப்போயி இருக்கிய?”

“தலையச் சுத்துது தம்பி. சக்தி ஏறுதுன்னு சார் சொன்னாவ.”

“ராத்திரி என்ன சாப்ட்டிய?”

அண்ணாச்சி பதில் சொல்லாமல் சுக்குக்காப்பிக்குச் சொல்கிறார். சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டு, உடன்குடிக் கருப்பட்டி கரைத்து வருகிறது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதுகிறார். கவனித்துப் பார்த்தால், வாயைக் குவித்து, நீளமாக, அவசரமில்லாமல் ஊதுகிறார். இழுத்ததைவிட விட்டது இருமடங்கு. வகுப்பில் பதினைந்து நிமிடமும் வராத இரேசகம், காப்பி சூடாக இருந்த ஒரே காரணத்தால் திருமூலர் கணக்குக்கு மிக அருகில் வந்துவிட்டது.

மூச்சையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் இந்தப் பக்கத்தில் எப்போதும் இருந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக இறங்கினார்கள். கும்பகம் முடிந்ததைக் கயிற்றை அசைத்துத்தான் சொல்ல முடியும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அம்மன் கொடையில் விடியவிடிய வில்லுப்பாட்டுச் சொல்பவருக்கு, பக்கத்திலிருப்பவர் போடும் “ஆமா”தான் மூச்சு வாங்கும் இடைவெளி. பனையேறிக்கு உச்சியில் பாளை சீவும் வேலை முடிந்தால்தான் மூச்சு. இவர்களில் யாரும் பாய் கொண்டுபோனதாகத் தகவல் இல்லை.

இறுதியாகக் கணக்கு. இரவு ஏழரை முதல் காலை ஐந்துவரை முன்னேற்பாடு 570 நிமிடம். மூச்சு 15. டீக்கடை, நாளிதழ், விரல் கூசிய கதையை நான்கு பேரிடம் சொல்லும் நேரம் எல்லாம் சேர்த்து மீட்சி 120. சுருக்கினால் 38:1:8. திருமூலரின் 1:4:2-லிருந்து இது சற்றே விலகியிருப்பதை ஆய்வாளர் ஒப்புக்கொள்கிறார்.

வகுப்புக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரத்தக்கொதிப்பு, வலிப்பு, இதயக்கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பாய் விரிக்கும் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். மூச்சை நிறுத்துவதும் வேகமாக விடுவதும் அவர்களுக்கு வேண்டாம். மற்றவர்கள், ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்பதைப் பக்கத்துப் பாய்க்காரரிடம் மட்டும் சொன்னால் போதும்.